மைதானத்தில் ஒற்றை இருக்கை: வாசகர் கேள்விகளுக்கு அக்காவின் பதில்கள்

டிசம்பர் 5ஆம் திகதி வொஷிங்டனில் 2026 உலகக் கிண்ணத்தின் குழுப் பிரிப்பு முடிந்ததிலிருந்து எனக்கு வரும் தபால்களில் உதைபந்துதான் உருள்கிறது. நுவரெலியா விடுதி, திருவண்ணாமலைப் பயணம், மலேசியாவுக்கு மலிவு டிக்கெட் என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். உங்கள் முறை அடுத்த இதழில். இம்முறை முழுவதும் உலகக் கிண்ணம்தான். ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை கனடா, அமெரிக்கா, மெக்சிக்கோ என்ற மூன்று நாடுகளில், 16 நகரங்களில், 48 அணிகள், 104 ஆட்டங்கள். கோட்டையில் விமான டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஊராரை எல்லாம் ஊர் ஊராக அனுப்பி வைத்த எனக்கு, இந்த வரைபடத்தைப் பார்த்ததும் முதலில் வந்தது மகிழ்ச்சி அல்ல, தலைவலி. எழுதியவர்களில் பலர் தனியாகப் போகிறவர்கள். அவர்களுக்காகவே இந்தப் பக்கங்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. வங்கியில் வேலை. ஜூன் 20ஆம் திகதி ரொறன்ரோவில் நடக்கும் ஜேர்மனி – ஐவரி கோஸ்ட் ஆட்டத்துக்குப் பீபாவின் குலுக்கலில் ஒரு டிக்கெட் விழுந்துவிட்டது. தனியாகப் போகிறேன் என்றதும் வீட்டில் பூகம்பம். 'ஸ்காபரோவில் பெரியம்மா வீட்டில் நிற்பதென்றால் போ' என்கிறார் அம்மா. பெரியம்மாவோ அதே நாள் பேத்தியின் சாமத்திய வீட்டுக்கு மண்டபம் எடுத்துவிட்டார். விசாவுக்கு என்ன செய்வது? பெரியம்மாவுக்கு என்ன செய்வது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கையே, இரண்டாவது கேள்விதான் கடினம். ஆகவே சுலபமான விசாவிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் கையில் இருப்பது மைதானத்துக்குள் நுழையும் சீட்டு. நாட்டுக்குள் நுழையும் சீட்டு அல்ல. 2018இல் ரஷ்யா ரசிகர்களுக்கென்று ஓர் அட்டை கொடுத்தது. அதைக் காட்டினால் விசா கேட்கவில்லை. 2022இல் கட்டாரின் ஹய்யா அட்டையும் அப்படித்தான். அந்த இரண்டையும் பார்த்துப் பழகியவர்கள் இம்முறையும் ஏதோ அட்டை வரும் என்று காத்திருக்கிறார்கள். வராது. காலி வீதியில் 'உலகக் கிண்ண விசா எடுத்துத் தரப்படும்' என்று பலகை தொங்கினால், அந்தக் கடையைத் தாண்டிப் போய் ஒரு பிளேன்டீ குடியுங்கள். பணம் மிச்சம்.

உங்களுக்கு வேண்டியது சாதாரண கனேடிய வருகை விசா. இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 100 கனேடிய டொலர். கைரேகைக்கும் புகைப்படத்துக்கும் இன்னொரு 85. கைரேகையைக் கொழும்பிலுள்ள விசா விண்ணப்ப நிலையத்தில் கொடுக்கலாம், பத்து வருடம் செல்லும். கடவுச்சீட்டை முதலிலேயே வாங்கிக்கொள்ள மாட்டார்கள். 'கடவுச்சீட்டை அனுப்புங்கள்' என்று பின்னர் செய்தி வந்தால்தான் கொடுக்க வேண்டும். அதற்கும் சில நாட்கள் பிடிக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். கடவுச்சீட்டு எப்போது முடிகிறது என்று இன்றே பாருங்கள். அது முடியும் திகதியைத் தாண்டி விசா தரமாட்டார்கள். புதுப்பிக்க வேண்டுமானால் பத்தரமுல்லைக்கு இந்த வாரமே போங்கள்.

அடுத்தது வங்கிக் கணக்கு. மாமாவிடம் பத்து இலட்சம் கடன் வாங்கிக் கணக்கில் போட்டு, கடிதம் எடுத்த மறுநாள் திருப்பிக் கொடுக்கும் கலை நம் ஊரில் வெகு பிரபலம். நீங்கள் வங்கிக்காரி. திடீரென்று வந்து விழுந்த வைப்பு ஓர் அதிகாரியின் கண்ணில் எப்படிக் குத்தும் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மாதாமாதம் வந்து விழுந்த சம்பளமும் அதிலிருந்து மெதுவாகச் சேர்ந்த தொகையும் போதும். அதோடு வேலைத்தலத்திலிருந்து விடுமுறைக் கடிதம் கட்டாயம். எந்தத் திகதிக்கு நீங்கள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பது அதில் இருக்கட்டும். தமிழிலோ சிங்களத்திலோ இருக்கும் பத்திரங்களைப் புதுக்கடையில் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் மதிப்பது ஒரு பக்கக் கடிதம். நீங்களே எழுத வேண்டும். அலங்காரம் வேண்டாம். ஜூன் 16 வருகை. 20 ஆட்டம். 24 வரை நகரில் இன்ன இடத்தில் தங்கல். 24 முதல் 28 வரை ஸ்காபரோவில் பெரியம்மா வீட்டில். 28 புறப்பாடு. ஜூலை முதலாம் திகதி வேலை. இவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையிடம், 'கனடாவில் சொந்தக்காரர் இருப்பதைச் சொல்லாதே, திரும்பி வரமாட்டாய் என்று நினைப்பார்கள்' என்று ஒரு முகவர் புத்தி சொல்லியிருக்கிறார். பெரியம்மா இருக்கிறார் என்பது குற்றம் இல்லை. மறைத்தது தெரியவந்தால் அது குற்றம், அதன் நிழல் அடுத்த விண்ணப்பத்திலும் விழும்.

விசா கைக்கு வரும்வரை திருப்பிக் கொடுக்க முடியாத விமானச் சீட்டு எதையும் வாங்காதீர்கள். வாங்கும்போது டோஹா, டுபாய், அபுதாபி, இஸ்தான்புல் வழியாகப் பாருங்கள். இந்த ஊர்கள் எல்லாவற்றிலிருந்தும் ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் உண்டு. இணையத்தில் தேடும்போது நியூயோர்க் வழியாக ஒன்று மலிவாக மினுங்கும். அதைத் தொடாதீர்கள். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் நமக்கு விசா வேண்டும். கவுண்டரில் இருந்த காலத்தில் இந்தப் பொறியில் அகப்பட்டுக் கட்டுநாயக்கவிலிருந்தே வீடு திரும்பிய பயணிகளைக் கண்டிருக்கிறேன். விமானச் சீட்டில் மிச்சம் பிடித்த காசு வீட்டுக்குத் திரும்பும் வாகனக் கூலிக்குக்கூடக் காணாது.

தங்குமிடம். கோடை விடுமுறையில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதி அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுவார்கள். நகரின் நடுவில் இருக்கின்றன. ஒற்றைக் கட்டில், ஒரு மேசை, வாசலில் காவல். தனியாகப் போகும் பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்? ஹோட்டலில் இரண்டு பேர் படுக்கும் அறைக்கு ஒருவராகக் காசு கட்டுவது எனக்கு எப்போதும் வயிற்றெரிச்சல். பியர்சன் விமான நிலையத்திலிருந்து யூனியன் நிலையத்துக்கு ரயில் 25 நிமிடம். ஆட்டத்தன்று அதே யூனியனிலிருந்து 'கோ' (GO) என்ற புறநகர் ரயிலில் ஏறி எக்ஸிபிஷன் நிலையத்தில் இறங்கினால் மைதானம் கண்ணெதிரே. 509ஆம் இலக்க ட்ராமும் அந்தப் பக்கம் போகிறது. மைதானம் ஏரிக்கரையில். ஜூன் மாதம் பகலில் வெயில், மாலையில் ஏரிக்காற்று. வடக்கிலும் தெற்கிலும் தற்காலிக இருக்கைகள் கட்டி, கொள்ளளவை 45,000 அளவுக்கு உயர்த்தியிருக்கிறார்கள். உங்கள் இருக்கை அந்தப் பக்கமானால் ஒரு தொப்பியும் மெல்லிய கம்பளிச் சட்டையும் கொண்டு போங்கள்.

இப்போது பெரியம்மா. ஜூன் 20 சனிக்கிழமை. கோடைகாலச் சனிக்கிழமைகளில் ஸ்காபரோ மண்டபங்கள் சும்மா இருப்பதில்லை. உங்கள் ஆட்டம் பிற்பகல் 4 மணிக்கு. ஆறு மணியளவில் முடியும். சனத்தோடு சனமாக வெளியே வந்து, ரயில் பிடித்து, ஸ்காபரோ போய்ச் சேர எட்டு மணியாவது ஆகும். நம்மவர் மண்டபத்தில் எட்டு மணிக்கு என்ன நடக்கும்? பிள்ளை அடுத்த உடுப்பு மாற்றப் போயிருக்கும். சாப்பாடு இன்னும் திறந்திருக்காது. நீங்கள் ஒன்றையும் தவறவிடப் போவதில்லை.

ஆனால் சேலை? மைதானத்துக்குள் பெரிய பை கொண்டு போக விடமாட்டார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியும் சின்னப் பைக்குத்தான் அனுமதி. ஆகவே வியாழக்கிழமை பகல் பெரியம்மா வீட்டுக்குப் போங்கள். சேலை, பிளவுஸ், பரிசு எல்லாவற்றையும் அங்கே வையுங்கள். கையோடு கொண்டுபோன மிளகாய்த்தூளையும் கொடுங்கள். மதியம் அங்கேயே சாப்பிட்டுவிட்டு மாலையில் நகரத்துக்குத் திரும்புங்கள். 'விழாவுக்கு வருகிறேன், ஆனால் ஆட்டம் முடிந்துதான்' என்று அப்போது நேருக்கு நேராகச் சொல்லுங்கள். தொலைபேசியில் சொல்லாதீர்கள். தொலைபேசியில் நம் பெரியம்மாக்களை எவரும் வென்றதில்லை.

முதல் நாட்களை நகரில் தனியாகவும் கடைசி நாட்களை உறவினரோடும் வைத்தது காரணத்தோடுதான். மாற்றி வைத்தால் பெரியம்மா வீட்டிலிருந்து வெளியேறவே முடியாது. 'அங்கே போய் ஏன் காசைக் கொட்டுகிறாய்' என்ற ஒரே கேள்வியில் உங்கள் பயணம் அடங்கிவிடும். இன்னொரு இலாபமும் இருக்கிறது. ஜூன் 23 அதே மைதானத்தில் பனாமா – குரோஷியா. ஏப்ரலில் கடைசிக் கட்ட விற்பனை தொடங்கியதும் ஒற்றை இருக்கை ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். குரோஷியாவின் நாற்பது வயது நட்சத்திரம் லூக்கா மொட்ரிச் ஆடினால் பார்த்துவிட்டு வரலாம்.

அம்மாவுக்கு ஒரு நேரம் கொடுங்கள். ரொறன்ரோவில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30. விளக்கு வைக்கும் நேரம். தினமும் அந்த நேரத்தில் ஓர் அழைப்பு. மற்ற நேரம் அழைத்தால் எடுக்கமாட்டேன் என்று இப்போதே சொல்லிவையுங்கள். நயாகரா பார்க்கப் போனால் கனடாப் பக்கத்தில் நின்றே பாருங்கள். பாலத்தைக் கடந்தால் அமெரிக்கா. உங்களிடம் அந்த விசா இல்லை.

கேள்வி: நான் மெஸ்ஸி பைத்தியம். ஆர்ஜென்டீனாவின் மூன்று குழு ஆட்டங்களையும் பார்த்தே தீருவேன். தனியாள், செலவுக்கு அஞ்சவில்லை. திட்டம் போட்டுத் தாருங்கள்.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, செலவுக்கு அஞ்சாதவர்கள் தூரத்துக்காவது அஞ்ச வேண்டும். ஆர்ஜென்டீனாவின் முதல் ஆட்டம் ஜூன் 16, அல்ஜீரியாவுடன், கன்சாஸ் சிற்றியில். அடுத்த இரண்டும் டலஸில்: ஜூன் 22 ஒஸ்திரியா, ஜூன் 27 ஜோர்தான். கன்சாஸ் சிற்றிக்கும் டலஸுக்கும் இடையே வீதி வழியாக 900 கிலோமீட்டர் அளவு. இலங்கையின் முழு நீளத்தைப் போல இரண்டு மடங்கு. விமானம் உண்டுதான். ஆனால் நீங்கள் ஒருவர். பெட்டியைப் பார்த்துக்கொள்ளவும் அறை தேடவும் விமானம் தாமதமானால் அடுத்த வழி யோசிக்கவும் உங்களைத் தவிர ஆள் இல்லை.

என் கட்சி எப்போதும் ஒன்றுதான். தனியாகப் போகிறவர் அணியைத் துரத்தக் கூடாது, ஓர் ஊரைப் பிடித்து உட்கார வேண்டும். இந்தப் போட்டியில் எந்த நகரத்தையும் விட அதிக ஆட்டங்கள் டலஸுக்குத்தான், ஒன்பது. நீங்கள் ஜூன் 20 அளவில் அங்கே போய் இறங்கினால் 22ஆம் திகதி ஆர்ஜென்டீனா, 25ஆம் திகதி அதே மைதானத்தில் ஜப்பான், 27ஆம் திகதி மறுபடியும் ஆர்ஜென்டீனா. ஒரே கட்டில், ஒரே சாப்பாட்டுக் கடை, மூன்று ஆட்டம். நடுவில் 24ஆம் திகதி மெஸ்ஸிக்கு 39 வயது பூர்த்தி. அன்று ஆட்டம் இல்லை. ஆனால் ஊர் முழுக்க வெள்ளை நீலச் சட்டைகள் நிறைந்திருக்கும்போது உங்களுக்குப் பொழுது போகாதா? கன்சாஸ் சிற்றியை விட்டுவிடுங்கள். மனம் கேட்காவிட்டால் அல்ஜீரிய ஆட்டத்தை இங்கேயே தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

ஒன்று கவனியுங்கள். 'டலஸ்' மைதானம் டலஸில் இல்லை. ஆர்லிங்டன் என்ற பக்கத்து நகரில் இருக்கிறது. அங்கே வழக்கமான பஸ், ரயில் சேவையே கிடையாது. போட்டி நாட்களுக்கென விடும் பஸ் எங்கிருந்து புறப்படும் என்று பார்த்துவிட்டே அறையைப் பதிவுசெய்யுங்கள். நியூயோர்க் என்று சொல்லப்படுவது நியூ ஜேர்சியில், பொஸ்டன் என்று சொல்லப்படுவது நகருக்கு வெகு தெற்கே ஃபொக்ஸ்பரோவில். எல்லாம் இந்தக் கதைதான். டலஸ் மைதானத்துக்குக் கூரையும் குளிரூட்டியும் இருப்பது நம் அதிர்ஷ்டம். வெளியே ஜூன் மாத டெக்சாஸ் வெயில் யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலுக்குக் குறைந்ததல்ல.

அமெரிக்க விசாவுக்குக் கட்டணம் 185 டொலர். இணையத்தில் டீஎஸ்-160 படிவம். பிறகு கொள்ளுப்பிட்டித் தூதரகத்தில் நேர்முகம். டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு நேர்முகத் திகதியை முன்னதாகத் தர ஒரு முன்னுரிமை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பீபாவின் கணக்கு வழியாகத்தான் அதில் சேர வேண்டும். ஆனால் முந்துவது வரிசை மட்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் கேட்கும் கேள்வி பழைய கேள்விதான்: நீ ஏன் திரும்பி வருவாய்? நிராகரிப்புத் தாளில் வழக்கமாக இருப்பது 214 (பீ) என்ற பிரிவு. 'நீ ஊருக்குத் திரும்புவாய் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை' என்பதுதான் அதன் சாரம். இந்தக் கேள்விக்கு மெஸ்ஸி பதில் ஆகமாட்டார். கொட்டாஞ்சேனையில் உங்களுக்கு என்ன தொழில், யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள், எந்தத் திகதிக்குக் கடையைத் திறக்க வேண்டும் என்று இரண்டு வசனத்தில் சொல்லப் பழகுங்கள். நீளமாகப் பேசினால் அலுத்துவிடுவார்கள்.

கேள்வி: 'உலகக் கிண்ண டிக்கெட் கைமாற்றித் தருகிறேன்' என்று ஒருவர் வட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறார். வாங்கலாமா?
– வாசகர், மருதானை

பதில்: வேண்டாம். டிக்கெட் இருப்பது பீபாவின் கைத்தொலைபேசிச் செயலிக்குள். படத்தைக் காட்டி உள்ளே போக முடியாது. வாங்குவதென்றால் பீபாவின் சொந்த மறுவிற்பனைச் சந்தையில் வாங்குங்கள். அங்கேயும் கொள்ளைதான். விற்பவரிடம் 15 வீதம், வாங்குபவரிடம் 15 வீதம் தரகு எடுக்கிறார்கள். ஆனால் வாங்கிய சீட்டு உண்மையான சீட்டாக இருக்கும். தனியாளுக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. குடும்பமாகத் தேடுகிறவர்களுக்கு நான்கு இருக்கை சேர்ந்தாற்போல் வேண்டும். ஓரத்தில் தனித்து மிஞ்சும் ஒற்றை இருக்கை யாருக்கும் வேண்டாத பிள்ளை. விலை ஆளுக்கும் தேவைக்கும் தக்கபடி ஏறி இறங்கும். ஆகவே நள்ளிரவிலும் ஒரு முறை பாருங்கள்.

இன்னொன்று. 2022 நவம்பர் 21 இங்கிலாந்து – ஈரான் ஆட்டத்தன்று அந்தச் செயலி மக்கர் பண்ணி, டிக்கெட் வாங்கிய பலர் வாசலில் தவித்தார்கள். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். தொலைபேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்கை மறக்காதீர்கள்.

கேள்வி: 21 வயது மகன் தனியே போகப் பார்க்கிறான். தடுப்பதா, விடுவதா?
– தகப்பன், தெகிவளை

பதில்: ஐயா, விடுங்கள். ஆனால் மருத்துவக் காப்புறுதி இல்லாமல் விடாதீர்கள். வட அமெரிக்காவில் வெளிநாட்டவர் ஒரு கை முறிவுக்குக் கட்டும் காசில் இங்கே ஒரு முச்சக்கர வண்டி வாங்கலாம். கடவுச்சீட்டின் பிரதி ஒன்று அவனிடம், ஒன்று உங்களிடம். இலங்கைக்கு ஒட்டாவாவில் உயர்ஸ்தானிகராலயமும் ரொறன்ரோவில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. முகவரியை எழுதிக் கொடுங்கள். இரண்டு வங்கி அட்டைகளை இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 21 வயதில் இதையெல்லாம் செய்யத் தெரியாவிட்டால் 31 வயதிலும் தெரியாது.

கேள்வி: தனியாகப் போய் யாரோடு சேர்ந்து கத்துவது? சலிக்காதா?
– வாசகி, கொள்ளுப்பிட்டி

பதில்: கட்டாரில் லுசைல் மைதானம். 2022 நவம்பர் 22, ஆர்ஜென்டீனா – சவூதி அரேபியா. என் வலப்பக்கம் ஆர்ஜென்டீனாவின் ரொசாரியோவிலிருந்து வந்த ஒரு கிழவர், முழங்காலில் மடித்து வைத்த கொடி. இடப்பக்கம் பச்சைச் சட்டையில் ஒரு சவூதிச் சிறுவன், அவனுக்கு அப்பால் தகப்பன். பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டியை அடித்ததும் கிழவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார், வலித்தது. அதன் பிறகு முதற்பாதியிலேயே ஆர்ஜென்டீனா இன்னும் மூன்று முறை பந்தை வலைக்குள் போட்டது. மூன்றும் ஓஃப் சைட். மூன்று முறையும் கிழவர் கொடியை விரித்துக்கொண்டு எழும்பினார். மூன்று முறையும் அதை நாலாக மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாவது முறை மடிக்கும்போது மூலைகள் ஒட்டவில்லை.

இடைவேளை முடிந்து எட்டு நிமிடத்துக்குள் சவூதி இரண்டு கோல். சிறுவன் என் கையைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறான். என் மறுகை கிழவர் பக்கம். யாருக்கு முகம் காட்டுவது என்று தெரியாமல் நடுவில் நான். ஆட்டம் முடிந்து 'மெஸ்ஸி எங்கே' என்று மைதானமே முழங்கியபோது, அந்தத் தகப்பன் என்னைத் தாண்டிக் கையை நீட்டிக் கிழவரிடம் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொடுத்தார். கிழவர் எடுத்துக்கொண்டார். பிறகுதான் என்னைப் பார்த்து எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றேன். 'கிரிக்கெட்?' என்றார். 36 ஆட்டமாகத் தோற்காத அணி தோற்ற துயரத்திலும் அந்த மனிதருக்கு என்மேல் இரக்கம் வந்தது முகத்தில் தெரிந்தது.

கூட்டாளிகளோடு போயிருந்தால் நான் கூட்டாளிகளோடு பேசிக்கொண்டிருந்திருப்பேன். ஒற்றை இருக்கையில் இருப்பவருடன்தான் இரண்டு பக்கமும் பேசும். ரொறன்ரோவில் மைதானத்துக்கு நடை தூரத்தில், ஃபோர்ட் யோர்க் பக்கத்தில், ரசிகர் திருவிழாவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். டிக்கெட் இல்லாத நாட்களில் அங்கே போங்கள். கத்த ஆள் கிடைக்கும்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை. 2026 எனக்கு எட்டாது. அடுத்து வரும் போட்டிகளில் எதைக் குறிவைக்கலாம்?
– வாசகி, மட்டக்குளி

பதில்: ரீச்சர், எட்டாதது நல்லதாகவே போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 2027 ஜனவரி 7 முதல் பெப்ரவரி 5 வரை சவூதி அரேபியாவில் ஆசியக் கிண்ணம். கிரிக்கெட் அல்ல, உதைபந்து. 24 அணிகள். ரியாத், ஜித்தா, அல்கோபர் என்று மூன்றே நகரங்கள். கொழும்பிலிருந்து ரியாதுக்கு நேரடி விமானம், ஐந்து மணி நேரம் அளவு. ஜனவரியில் அங்கே குளிர்காலம். 2018 ஜனவரி முதல் பெண்கள் மைதானத்துக்குப் போகலாம். தனியாக வெளிநாடு போய்ப் பழகாத ஒருவருக்கு இதைவிட அளவான தொடக்கம் கிடையாது. ஜப்பான், தென் கொரியா, ஈரான் ஆடுவதைப் பார்த்துவிட்டு 'ஆசிய ஆட்டம்தானே' என்று யாரும் மூக்கைச் சுளிக்க முடியாது. ரியாதில் மட்டும் தங்குங்கள். விசா விதிகளைத் தூதரகத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

2028 ஜூன் – ஜூலையில் ஐரோப்பியக் கிண்ணம், பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும். லண்டனில் உங்கள் பழைய மாணவர்கள் யாராவது இருப்பார்கள், கட்டில் கிடைக்கும். டப்ளின் ஆட்டங்களை மட்டும் தொடாதீர்கள். அயர்லாந்து வேறு நாடு, வேறு விசா. 2030 உலகக் கிண்ணம் ஸ்பெயின், போர்த்துக்கல், மொரோக்கோவில். நூற்றாண்டு நினைவாக மூன்று ஆட்டங்கள் மட்டும் உருகுவே, ஆர்ஜென்டீனா, பரகுவேயில். ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். மொரோக்கோவுக்குத் தனி. மாதாமாதம் ஓய்வூதியத்தில் கொஞ்சம் எடுத்து வைக்க இன்னும் காலம் இருக்கிறது. முதலில் சவூதி போய்க் காலை நனைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: எங்கும் போகவில்லை. வீட்டிலிருந்தே பார்க்கிறேன். நேரங்களை மட்டும் சொல்லுங்கள்.
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: புத்திசாலி. முதல் ஆட்டம் மெக்சிக்கோ – தென்னாபிரிக்கா. அங்கே ஜூன் 11 பகல் ஒரு மணி, இங்கே ஜூன் 12 அதிகாலை 12.30. இறுதி ஆட்டம் ஜூலை 19 பிற்பகல் 3 மணிக்கு நியூ ஜேர்சியில். நமக்கு அது ஜூலை 20 அதிகாலை 12.30, திங்கட்கிழமை. மேலதிக நேரம், பெனால்டி என்று இழுத்தால் மூன்றரை மணியும் தாண்டும். அலுவலகத்தில் லீவு விண்ணப்பத்தை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஜூலை வந்தால் உங்கள் மேலாளரும் அதே நாளுக்குத்தான் கேட்பார்.